அக்கரைப் பயணச் செலவு

யாழ்ப்பாண நகரத்துக்குக் கிழக்கே, ஏறத்தாழ இரண்டு மைல் தூரத்தில், பரவைக்கடலின் ஓரத்திலே அமைந்த ஊர் கொழும்புத்துறை. அவ்வூரின் பெயரைக் கேட்டவுடன் பலருக்கு நினைவில் எழுபவர் 1964ஆம் ஆண்டிற் சமாதியடைந்த யோகர் சுவாமிகள். ஆயினும் சுவாமிகள் அங்கே குடிலில் வாழத் தொடங்குவதற்கு நெடுங்காலத்துக்கு முன்னரே அது பயணிகளின் ஊராய் இருந்தது. ஊர்ப்பெயரிலே துறை என்னும் சொல் காரணமின்றி அமையவில்லை. தெற்கே, நீருக்கப்பால் இருப்பது பூநகரிக் கரை. புகையிரதம் வராத காலத்தில், மேற்குக் கரையோரமாக மன்னாருக்குப் போக விரும்பியவர்கள் பரவைக்கடலைத் தோணியிற் கடந்து பூநகரியில் இறங்கி, மணற்பாதையிலே வண்டியிலும் கால்நடையாகவும் தெற்கு நோக்கிச் சென்றனர். மன்னாரை அடைந்தவருக்கு அடுத்தது தலைமன்னார்; அதற்கும் அப்பால் இராமேசுவரம். ஆகவே அக்கரைப் பயணம் என்ற பேச்சை இத்துறையிலிருந்து தொடங்குவது பொருத்தமானதே.

இக்காலத்தில் ஒரு குடும்பம் விடுமுறைக்கு வெளிநாடு போவதென்றால், போகும் ஊரைப்பற்றிய பேச்சுக்கு முன்னரே செலவைப்பற்றிய பேச்சு எழுந்துவிடுகிறது. அரிசி விற்கும் விலை என்ன, எரிபொருள் விற்கும் விலை என்ன, பிள்ளைகளின் படிப்புக்குப் போகும் பணம் எவ்வளவு, இவற்றுக்கிடையே கடல் கடந்து உல்லாசமாய்ப் போய்வரக் கையிலே காசு உண்டா என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கேள்வி நியாயமானதே. ஆனால் யாழ்ப்பாணத்துக் குடும்பத்தைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வி நிற்கிறது. வெளிநாடு என்பது எது? காங்கேசன்துறைக்கும் கோடிக்கரைக்கும் இடையேயுள்ள கடல் நாற்பது மைலுக்குக் குறைவானது. கொழும்பு நகரமோ ஏறத்தாழ இருநூற்றைம்பது மைல். தூரத்தைக்கொண்டு பார்த்தால், குடாநாட்டாருக்குத் தலைநகரே தொலைவிலுள்ள ஊர், வேதாரணியம் அயலூர். இந்த அயலூர் எவ்வாறு வெளிநாடாயிற்று, அங்கே போய்வரும் செலவு எவ்வாறு ஏறிற்று என்பதுதான் இங்கே சொல்லப்படும் வரலாறு.

பழைய காலத்து யாழ்ப்பாணத்தார் விடுமுறை என்ற சொல்லை இப்பயணத்துக்கு வழங்கியதில்லை. அவர்கள் அறிந்தது யாத்திரை. சிதம்பரத்துக்கு ஆருத்திரா தரிசனம் காணவும், வேதாரணியத்தில் நீராடவும், இராமேசுவரத்திற் பிதிர்க்கடன் கழிக்கவும், நாகப்பட்டினத்துக்கு அருகேயுள்ள வேளாங்கண்ணி மாதாவை வணங்கவும் அவர்கள் போயினர். சைவரும் கத்தோலிக்கரும் ஆகிய இரு சாராருக்கும் அக்கரையிலே சொந்தமான ஓர் இடம் இருந்தது. போன இடத்திற் கோவிலை மட்டுந்தான் பார்த்தார்கள் என்று எண்ணுவது பேதைமை. கடைத்தெருவைப் பார்த்தார்கள், கச்சேரி கேட்டார்கள், பட்டும் பாத்திரமும் வாங்கினார்கள், பிள்ளைகளுக்கு வேடிக்கை காட்டினார்கள். உல்லாசம் யாத்திரைக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஆனால் கணக்கிலே அது நேர்த்திக்கடன் என்றே எழுதப்பட்டது. சிக்கனத்துக்குப் பேர்போன ஒரு சமூகத்தில் இஃது அற்பமான காரியமன்று. தன் சுகத்துக்காகப் பத்து ரூபா செலவிடக் கூசிய தகப்பன், கடவுளுக்கு நேர்ந்த கடனென்றால் நூறு ரூபா செலவிடத் துணிந்தான்.

அந்தச் செலவும் பெரிதாக இருந்ததில்லை. தங்குமிடத்துக்குக் காசு கொடுக்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் நேரவில்லை. சிதம்பரத்திலே யாழ்ப்பாணத்தார் தருமமாக நிறுவிய மடங்கள் பல இருந்தன. பறங்கியர் ஆட்சிக்காலத்திலே திருநெல்வேலியூரை விட்டுச் சென்றாரென்று மரபு கூறும் ஞானப்பிரகாச முனிவர் அகழ்வித்த திருக்குளம் அவர் பெயராலேயே அந்நகரில் வழங்குகிறது. ஆறுமுக நாவலர் 1864ஆம் ஆண்டில் அங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். ஊரவர் கட்டிய மடம், ஊரவர் நடத்திய பாடசாலை, ஊர்ப்பேச்சுப் பேசும் மனிதர் ஆகிய மூன்றும் இருந்த நகரத்தை வெளிநாடு என்று சொல்ல ஒருவருக்கும் நாவெழாது. உணவும் அவ்வாறே. கட்டுச்சோறு முதல் இரண்டு நாளைக்கு. அதற்குப் பின் பனாட்டும், தட்டை வடையும், வறுத்த மாவும் கைகொடுத்தன. பெட்டியைத் திறந்தால் பாதிக்குமேல் தின்பண்டமாகவே இருக்கும் என்று யாழ்ப்பாணத்தாரைப் பிறர் கேலி செய்வதுண்டு. கேலி செய்தவர்கள் அந்தப் பெட்டியினால் மிச்சமான பணத்தை எண்ணிப் பார்த்ததில்லை.

பணம் வந்த வழியையும் சிறிது நோக்குதல் வேண்டும். யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னருஞ் சிலகாலம் திருவிதாங்கூர் நல்ல சந்தையாய் இருந்தது. தோட்டத்து விளைவே கடலைக் கடந்து விலைபோன காலத்தில், தோட்டக்காரரின் குடும்பம் கடலைக் கடப்பது வியப்பன்று. வேறு சிலர் ஊரிலே சீட்டுக் கட்டினர். சீட்டு விழுந்த ஆண்டு யாத்திரை ஆண்டாயிற்று. அவசரமானால் நகை ஈடு வைக்கப்பட்டது. இவை எல்லாம் வீட்டுக்குள்ளேயே தீர்மானிக்கக்கூடிய காரியங்கள். ஓர் அரசாங்க உத்தியோகத்தரின் கையொப்பம் எதற்கும் தேவைப்படவில்லை.

1914ஆம் ஆண்டிலே பயணத்தின் உருவம் மாறிற்று. பாம்பன் பாலம் அந்த ஆண்டிலே திறக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பற் சேவை தொடங்கிற்று. கொழும்பிலே புகையிரதத்தில் ஏறியவர், தலைமன்னாரில் இறங்கிக் கப்பலேறி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்திலே கடலைத் தாண்டி, தனுஷ்கோடியில் மீண்டும் புகையிரதமேறிச் சென்னை எழும்பூரை அடைந்தார். இர்வின், கோஷன் முதலிய கப்பல்களின் பெயர்கள் அக்காலத்துப் பயணிகளின் வாயிற் பழகிக் கிடந்தன. இச்சேவை முழு இலங்கைக்கும் வாய்ப்பாக அமைந்தது. யாழ்ப்பாணத்தாருக்கு ஒரு விநோதத்தையும் தந்தது. வடக்கே இருக்கும் இந்தியாவுக்குப் போக, அவர்கள் முதலில் ஏறத்தாழ நூறு மைல் தெற்கே மதவாச்சிக்குப் போய், அங்கே வண்டி மாறி, அறுபத்தாறு மைல் வடமேற்கே தலைமன்னாருக்கு வரவேண்டியிருந்தது. கொழும்புத்துறைத் தோணி குறுக்கே போன வழியைப் புகையிரதம் சுற்றிப்போயிற்று. ஆனால் தோணியிலே காற்றை நம்பிப் போனவர்க்குப் புகையிரதம் நேரத்தைத் தந்தது. பெண்களும் குழந்தைகளும் முதியோரும் அஞ்சாமற் போகலாயினர். குடும்பமாய்ப் போதல் என்னும் வழக்கம் வேரூன்றியது இக்காலத்திலேதான் என்று கொள்ளலாம்.

இதே காலத்தில் எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்துகொண்டிருந்தது. மலாய் நாட்டுக்குப் போய்ப் புகையிரத இலாகாவிலும் பிற இலாகாக்களிலும் உத்தியோகம் பார்த்த யாழ்ப்பாணத்தார், நீண்ட லீவிலே மனைவி மக்களுடன் ஊருக்கு வந்தனர். அவர்களுக்கு வெளிநாட்டு விடுமுறை என்பது யாழ்ப்பாணமே. இளைப்பாறிய பின் ஊரிலே வந்து தங்கியவர்களை மலாயன் பென்சன்காரர் என்று மக்கள் அழைத்தனர். உள்ளூரில் விலை ஏறியபோதும் இவர்களுடைய பென்சன் பிறநாட்டிலிருந்து வந்தது. பிறநாட்டுப் பணத்தைக்கொண்டு உள்ளூர் விலையேற்றத்தைச் சமாளிப்பது குடாநாட்டுக்கு இன்று நேற்று வந்த வித்தையன்று என்பதை நேயர்கள் மனத்திற் குறித்துக்கொள்ளலாம். அது பின்னர் வேண்டப்படும்.

சுதந்திரத்துக்குப் பின்னர் அயலூர் வெளிநாடாயிற்று. 1948ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் குடிவருவோர் குடியகல்வோர் சட்டம் 1949 நவம்பர் 1ஆந் திகதி நடைமுறைக்கு வந்தது. அதுமுதல் கடவுச்சீட்டும் அனுமதியும் இன்றி இக்கரைக்கும் அக்கரைக்கும் போய்வரல் ஆகாதாயிற்று. சுதந்திர நாடொன்று தன் எல்லையைக் காப்பது குற்றமன்று. ஆனால் நாற்பது மைலுக்கும் குறைந்த கடலைத் தாண்ட, இருநூற்றைம்பது மைல் தூரத்திலுள்ள அலுவலகத்தை நாடவேண்டிய நிலை குடாநாட்டாருக்கு ஏற்பட்டது. பயணச் செலவிலே கப்பற் கட்டணத்துக்கு முன்னால் பத்திரச் செலவு என்று ஒரு புதிய வரி எழுதப்பட்டது. குடும்பத்தில் ஐவரென்றால் அச்செலவும் ஐந்து மடங்கு. நேர்த்திக்கடன் என்று சொன்னால் தகப்பனின் மனம் இளகும். அலுவலகத்தின் மனம் இளகாது.

இதற்கு முன், 1947 டிசம்பர் 10ஆந் திகதி, எயர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை விமானத் தளத்தின் வழியாகச் சென்னைக்குப் பறந்தது. பலாலி என்று இன்று வழங்குவது அத்தளமே. பிற்காலத்திலே திருச்சிராப்பள்ளிக்கும் அங்கிருந்து விமானம் சென்றது. சுற்றுவழியெல்லாம் ஒரே நாளில் அகன்றது. ஆனால் இது வசதி படைத்தோரின் வழியாகவே நெடுங்காலம் இருந்தது. சாதாரண ஆசிரியரும் எழுதுவினைஞரும் தலைமன்னார்க் கப்பலையே நம்பினர்.

அவர்களின் வீட்டுக் கணக்கை 1953ஆம் ஆண்டு குலைத்தது. அவ்வாண்டு யூலை மாதத்தில் அரிசி மானியம் வெட்டப்பட்டு, ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தது. புகையிரதக் கட்டணமும் தபாற் கட்டணமும் உடன் ஏறின. ஓகஸ்ட் 12ஆந் திகதி நாடெங்கும் ஹர்த்தால் நடந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்கா அவ்வாண்டிலேயே பதவி துறந்தார். பெரிய அரசியல் நிகழ்ச்சியாகவே இது நூல்களிற் பேசப்படுகிறது. அதன் சிறிய முகமும் ஒன்று உண்டு. அரிசி மூன்று மடங்குக்குச் சற்றுக் குறைவாக ஏறிய வீட்டிலே, முதலில் நின்றுபோவது எது? பிள்ளையின் படிப்பன்று, மகளின் சீதனத்துக்கென்று சேர்க்கும் பணமுமன்று. பயணமே முதலில் ஒத்திவைக்கப்படும். அடுத்த ஆண்டு பார்க்கலாம் என்ற வாக்கியம் எத்தனையோ வீடுகளிலே சொல்லப்பட்டிருக்கும். இதே 1953ஆம் ஆண்டிலேயே செலாவணிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் நிறைவேறிற்று. அரிசி விலை அடுப்பிலே தெரிந்தது. இச்சட்டம் தெரியப் பின்னுஞ் சில ஆண்டுகள் சென்றன.

1960க்குப் பின்னர் நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சுருங்கியது. தேயிலையின் விலை சோர்ந்தது. இறக்குமதிக்குப் பணம் போதவில்லை. மருந்துக்கும் மாவுக்குமே செலாவணியை அளந்து கொடுத்த அரசாங்கம், உல்லாசப் பயணிக்கு அதனை வாரிக் கொடுக்குமா? கையிலே இலங்கை ரூபா இருப்பது மட்டும் போதாதென்றாயிற்று. அதனை இந்திய ரூபாயாக மாற்றும் உரிமையும் வேண்டும். இந்நிலையில் 1964 டிசம்பர் 22ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி தனுஷ்கோடியை அழித்தது. துறைமேடையும் புகையிரதப் பாதையும் கடலோடு போயின. பாம்பனிலிருந்து வந்த புகையிரதம் பயணிகளுடன் அலையில் அகப்பட்டது. பின்னர் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிற்று எனினும், பழைய போக்குவரத்தின் நிறைவு திரும்பவில்லை.

இனி வருவது இவ்வரலாற்றின் மிக விசித்திரமான பகுதி. 1970ஆம் ஆண்டில் அமைந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம் முதலியவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்திற்று. நாட்டிலே பொருட்கள் அருகின, விலைகள் ஏறின, பாணுக்கும் துணிக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். ஆனால் நகரவாசி விலையேற்றம் என்று கண்டதை வலிகாமத்துத் தோட்டக்காரர் வருமானம் என்று கண்டார். செம்மண்ணிலே விளைந்த மிளகாயும் வெங்காயமும் லொறி லொறியாகத் தெற்கே போயின. கல்வீடுகள் எழுந்தன, நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தன, கோவிற் கோபுரங்கள் புதிதாயின. தலைமுறையிலேயே முதன்முறையாகக் குடும்பத்தை அக்கரைக்கு அழைத்துச் செல்லப் பணம் வந்த தோட்டக்காரர் பலர். அவர்களுக்கோ செலாவணி இல்லை. வேட்டியிலே முடிந்த பணம் பலாலியைத் தாண்டினால் வெறுங்கடதாசி. இறக்குமதித் தடையினால் வந்த பணத்தை அதே தடையின் மற்றொரு கை தடுத்து நின்றது. போன சிலரும் அக்கரை உறவினரை நம்பியே போயினர்; அங்கே அவர்களின் செலவை உறவினர் ஏற்றார், இங்கே அவ்வுறவினரின் கடனை இவர்கள் தீர்த்தார்கள். சட்டம் இதனை ஒப்பவில்லை, உறவு ஒப்பியது.

1977ஆம் ஆண்டின் இறுதியிலே கதவு திறந்தது. புதிய அரசாங்கம் நாணய மாற்றைத் தளர்த்திற்று. டொலருக்கு ஏறத்தாழ 16 ரூபா என்ற புதிய விலை வந்தது. பயணம் போவோர்க்குச் செலாவணி கிடைக்கலாயிற்று. ஆனால் அதே கதவின் வழியாக இறக்குமதி மிளகாயும் வெங்காயமும் உள்ளே வந்தன. தோட்டக்காரரின் விலை வீழ்ந்தது. முன்னே பணம் இருந்தது, அனுமதி இல்லை. இப்போது அனுமதி வந்தது, பணம் போயிற்று. குடாநாட்டு விவசாயக் குடும்பத்துக்கு இவ்விரண்டும் ஒருங்கே வாய்த்த காலம் மிகக் குறுகியது. உத்தியோகத்தர் குடும்பங்களுக்கே அந்தச் சில ஆண்டுகள் நன்றாக அமைந்தன. பட்டுச்சேலை எடுக்கக் காஞ்சிபுரமும், படம் பார்க்கச் சென்னையும், நேர்த்தி தீர்க்கப் பழனியும் என்று மூன்றையும் ஒரே பயணத்தில் முடித்துவந்தோர் உண்டு.

1983ஆம் ஆண்டு யூலைக்குப் பின்னர் அக்கரைப் பயணம் என்னும் சொல்லின் பொருளே மாறிப்போயிற்று. 1984ஆம் ஆண்டோடு இராமேசுவரக் கப்பலும் நின்றது. மக்கள் போகாமல் இருக்கவில்லை. மன்னார்க் கரையிலிருந்தும் வடகரையிலிருந்தும் படகிலே ஏறி, உயிரைக் காக்க, மண்டபத்துக்கும் அதற்கப்பாலுள்ள முகாம்களுக்கும் போயினர். அதற்கும் ஒரு கட்டணம் இருந்தது; நகையை விற்றுக் கொடுத்தார்கள். முன்னே யாத்திரைக்கு ஈடு வைத்த அதே வளையலும் சங்கிலியுமே பின்னே அகதிப் படகுக்கு விலையாயின. 1990இல் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதமும் நின்றது. விடுமுறை என்ற சொல்லுக்கு அக்காலத்தின் கணக்கிலே இடமில்லை. அதனை நீட்டிப் பேசுவது இக்கட்டுரையின் வேலையன்று.

போர் 2009இல் முடிந்தபின் பாதைகள் ஒவ்வொன்றாய்த் திரும்பின. 2010 நவம்பரிலே யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறக்கப்பட்டது. 2011 சனவரியிலே சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டு, தோணியாற் கடந்த பரவைக்கடலை மக்கள் வாகனத்திற் கடக்கலாயினர். கொழும்புத்துறையிலிருந்து பூநகரிக்குப் போகவேண்டியவர் இன்று கிழக்கே சுற்றிப் பாலத்தின்மேல் ஏறுகிறார். 2014இல் புகையிரதம் யாழ்ப்பாண நிலையத்துக்கு மீண்டும் வந்தது. 2019 ஒக்டோபர் 17ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணச் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது. நவம்பர் மாதத்தில் சென்னை விமானம் பறக்கத் தொடங்கிற்று. தலைமுறை ஒன்றுக்குமேற் காத்திருந்த பாதை, ஏறத்தாழ நான்கு மாதமே ஓடியபின் 2020 மார்ச்சிற் கொள்ளைநோயினால் மூடப்பட்டது.

நோய் தணிந்தபோது பஞ்சம் வந்தது. 2022ஆம் ஆண்டு ஏப்பிரிலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது. மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த டொலர் மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. அக்கணக்கின்படி இரண்டரை ரூபாவுக்குச் சற்று அதிகமாயிருந்த இந்திய ரூபாய் நாலரை ரூபாவைக் கடந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் முந்திய ஆண்டைவிட ஏறக்குறைய 70 சதவீதமும், உணவு விலை ஏறக்குறைய 95 சதவீதமும் உயர்ந்து நின்றன. 1953இல் அரிசி ஏறியபோது அரிசி மட்டுமே பெரிதும் ஏறிற்று. 2022இல் அடுப்பிலுள்ளது, விளக்கிலுள்ளது, வண்டியிலுள்ளது யாவும் ஏறின. ஆயினும் அந்த ஆண்டிலே நாட்டில் 9 இலட்சத்துக்கு மேற்பட்ட கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. இவர்களிற் பலர் உல்லாசத்துக்குப் போனவர்கள் அல்லர். வேலை தேடிப் போனவர்கள். வாழ்க்கைச் செலவு மிகவும் ஏறும்போது, விடுமுறைக்குப் போவோர் குறைகிறார்கள். போய்த் திரும்பாதவர் பெருகுகிறார்கள். அவ்வாண்டு டிசம்பர் 12ஆந் திகதி சென்னை விமானம் மீண்டும் பலாலிக்கு வந்தது. 2024 செப்டெம்பரில் இரண்டாவது நிறுவனமொன்றும் சேவையைத் தொடங்கிற்று.

கப்பலும் திரும்பிற்று. 2023 ஒக்டோபர் 14ஆந் திகதி செரியபாணி என்னும் கப்பல் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு வந்தது. தொடக்க நாட்சலுகை நீங்கலாக, ஒருவழிக் கட்டணம் 7,670 இந்திய ரூபாய். அந்தக் கட்டணத்தில் அந்தக் கப்பல் நெடுநாள் ஓடவில்லை; ஒரு வாரத்துக்குள் நின்றது. 2024 ஓகஸ்ட் 16ஆந் திகதி சிவகங்கை என்னும் கப்பல் சேவையை மீளத் தொடங்கியபோது கட்டணம் ஏறத்தாழ 5,000 ரூபாயாகக் குறைந்திருந்தது. நடைமுறைச் செலவை ஈடுசெய்ய இந்திய அரசாங்கம் ஆண்டுக்கு 30 கோடி இலங்கை ரூபா அளவில் உதவ முன்வந்தது.

இந்தக் கட்டணத்தை வைத்துக் கொழும்புத்துறையிலே ஒரு வீட்டின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். பெரியவர் நால்வர். 2024 பெப்ரவரி முதல் சாதாரணச் சேவையிற் கடவுச்சீட்டு ஒன்றுக்கு 10,000 ரூபா. ஆக 40,000 ரூபா. ஒரு காலத்தில் இதற்குக் கொழும்புக்கோ வவுனியாவுக்கோ போகவேண்டியிருந்தது. 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாணத்திலேயே அலுவலகம் திறக்கப்பட்டதால் அந்த அலைச்சல் மிச்சம். 2024இன் அக்கட்டணப்படி கப்பலுக்குப் போகவர ஒருவருக்கு 10,000 இந்திய ரூபாய். இந்திய ரூபாய் மூன்றரை இலங்கை ரூபாவென்று கொண்டால், நால்வருக்கு 1,40,000 ரூபா. அரசாங்க ஊழியரின் ஆகக்குறைந்த அடிப்படைச் சம்பளத்தை 40,000 ரூபாவாக உயர்த்துவதாக 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டம் அறிவித்தது. அந்தச் சம்பளத்தை முழுமையாகப் பெறுபவருங்கூட, கப்பற் கட்டணத்துக்கு மட்டும் மூன்றரை மாதச் சம்பளத்தை ஒதுக்கவேண்டும். விசா, தங்குமிடம், அங்கே வாகனம், உணவு இவையெல்லாம் பின்னே நிற்கின்றன. அறுபது கடல்மைலுக்கு இவ்வளவு.

அப்படியானால் போகின்றவர்கள் எவ்வாறு போகிறார்கள்? விடை பழைய மலாயன் பென்சன்காரரின் வீட்டிலேயே கிடக்கிறது. பிறநாட்டுப் பணம்! கனடாவிலும், இலண்டனிலும், பாரிசிலும் உள்ள மகனோ மகளோ பெற்றோரைப் பார்க்க விரும்புகிறார். பெற்றோருக்கு அந்நாட்டு விசா கிடைப்பது அரிது. கிடைத்தாலும் குளிர் ஒவ்வாது. ஆகவே இரு சாராரும் சென்னையிலோ திருச்சிராப்பள்ளியிலோ சந்திக்கிறார்கள். ஒரு வீட்டை மாத வாடகைக்கு எடுத்து, அங்கேயே பொங்கி, பேரப்பிள்ளைகளைக் கோவில்களுக்கு அழைத்துச் சென்று, கலியாண வயதில் ஒருவர் இருந்தால் கூறைச்சேலையும் எடுத்து, பொன்னும் வாங்கி, மூன்று வாரத்திற் பிரிகிறார்கள். இதை விடுமுறை என்பதா, குடும்பக் கூடல் என்பதா, கலியாணச் செலவு என்பதா? கணக்கு எழுதுபவர் தமக்கு எது இலகுவோ அதனையே எழுதுகிறார். முன்னே நேர்த்திக்கடன் என்று எழுதியவரின் பேரன்தானே அவர்.

பிறநாட்டிலே பிள்ளை இல்லாத வீடுகளும் உண்டு. அவற்றைப்பற்றிப் பேசுவோர் குறைவு. மீன்பிடிப்பவர், கூலிக்குப் போகிறவர், பாடசாலையிலே சிற்றூழியராய் இருப்பவர் ஆகியோரின் வீடுகள் அவை. இவர்கள் இன்றும் சீட்டுக் கட்டுகிறார்கள். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டவர்கள் பத்துப் பதினைந்து பேராய்க் கூட்டுச் சேர்ந்து, வாகனத்தையும் அறையையும் பங்கிட்டு, அரிசியும் தூளும் கட்டிக்கொண்டு போகிறார்கள். பெட்டியிற் பாதிக்குமேல் தின்பண்டம் என்ற பழைய கேலி இவர்களுக்கு இன்னும் பொருந்தும். கப்பலிலே சுமைக்கு நிறை வரம்பு இருப்பதொன்றே புதுமை.

காலத்தையும் பார்த்தே அவர்கள் நாள் குறிக்கவேண்டும். பாடசாலைகளின் நீண்ட விடுமுறை டிசம்பரில் வருகிறது. அப்போது வடகீழ்ப் பருவக்காற்றினாற் கடல் கொந்தளிக்கும், கப்பலும் ஓய்ந்திருக்கும். 2024 நவம்பரில் நின்ற கப்பல் 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் புறப்பட்டது. ஓகஸ்ட் விடுமுறையோ நல்லூர்த் திருவிழாக் காலம். பிறநாட்டிலுள்ளோர் ஊருக்கு வந்திறங்கும் வேளையிலே ஊரிலுள்ளோர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போவதெப்படி? வேளாங்கண்ணிப் பெருவிழா ஓகஸ்ட் 29 முதல் செப்டெம்பர் 8 வரை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அது பெரும்பாலும் வாய்ப்பதில்லை. எஞ்சுவது ஏப்பிரில். சித்திரை வெயில் சோழநாட்டிலே கடுமையானதுதான். ஆனாற் கடல் அமைதியாய் இருக்கும்; காலையிலே காங்கேசன்துறைக்குப் போகும் முதல் பேருந்தைப் பிடிக்க, கொழும்புத்துறை வீதியிலே சில குடும்பங்கள் விடியுமுன்பே பெட்டிகளுடன் வந்து நிற்கும்.